பகலில் வெறும் சுவர், இரவில் ஆழ்கடல்: மறைஓவியம் தீட்டும் முறை

"எவ்வளவு பிரகாசமா ஒளிரும்ணே?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "பகல்ல அந்தச் சுவர் எப்படி இருக்கணும்?" ஒளிரும் பெயிண்டை வாங்கிப் பூசிவிட்டால் அது தன்னால் ஒளிரும். விளக்கு எரியும்போது அங்கே ஒன்றுமே இல்லை என்று பார்க்கிறவரை நம்பவைப்பதில்தான் கைவேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. குழந்தைகள் அறைகளில் சுவர் ஓவியம் வரைவது என் தொழில். நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஒரு சுவர் முழுக்க ஆழ்கடல் வரைந்தேன். பகலில் அது வெறும் கிரீம் கலர் சுவர். அந்தச் சுவரை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

இதில் இரண்டு வகைப் பெயிண்ட் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மொத்த வேலையும் கெட்டுவிடும். முதல் வகை ஃப்ளோரசன்ட். புற ஊதா விளக்கு அதன்மேல் படும்வரை ஒளிரும், விளக்கை அணைத்த கணமே அதுவும் அணைந்துவிடும். இதில் 'இன்விசிபிள்' என்று விற்கும் ரகம் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. பகலிலேயே பளிச்சென்று அடிக்கும் ஆரஞ்சு, ரோஸ் நியான் கலர்கள் வேறு ரகம், அவை இந்த வேலைக்கு ஆகாது. இரண்டாம் வகை இருட்டில் ஒளிரும் பெயிண்ட். இது வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

குழந்தை தூங்கும் அறை என்பதால் பெற்றவர்கள் "இது ரேடியமா, ஆபத்தில்லையா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. நூறு வருடத்துக்கு முன்னால் கடிகார முட்களுக்கு ரேடியம் பூசியது உண்மைதான். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி அதைப் பூசிய பெண்கள் பலர் தாடை எலும்பு அழுகி இறந்ததும் உண்மை. இன்று இருட்டில் ஒளிரும் பெயிண்டுக்கு நாம் வாங்கும் பொடி ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட். அதோடு மிகச் சிறிய அளவில் யூரோப்பியம், டிஸ்புரோசியம் சேர்த்திருப்பார்கள். இதைக் கொண்டுவந்தது ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம், 1990களில். கதிரியக்கம் கிடையாது. அதற்கு முன்பு பொம்மைகளில் இருந்த துத்தநாக சல்ஃபைடு சீக்கிரமே மங்கிவிடும். இது மணிக்கணக்கில் நிற்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் பொடி பழைய ரகமாக இருக்கலாம். கொஞ்சம் வாங்கி, வெளிச்சம் காட்டி, இரண்டு மணி நேரம் கழித்து இருட்டறையில் பாருங்கள். நல்ல பொடி என்றால் அப்போதும் தெரியும்.

விளக்கு வாங்குவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஊதா டார்ச் 395 நானோமீட்டர் (ஒளியின் அலைநீள அளவு) ரகம். அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமே நிறைய வரும், சுவர் முழுக்க ஊதா படர்ந்து மெல்லிய நிறங்களை அமுக்கிவிடும். 365 நானோமீட்டர் விளக்கு, அதிலும் முன்னால் கறுப்பு ஃபில்டர் கண்ணாடி வைத்தது, விலை கூட. ஆனால் சுவர் இருட்டாகவே நிற்க, படம் மட்டும் எழுந்து வரும். வாங்கும் இடத்திலேயே சோதிக்கச் சட்டைப்பையில் ஒரு 500 ரூபாய் நோட்டு போதும். எண் அச்சிட்ட இடம் ஒளிரும், தாளுக்குள் சிதறிக் கிடக்கும் மெல்லிய இழைகளும் நிறம் நிறமாக ஒளிரும். நோட்டுத் தாள் மட்டும் இருட்டாகவே கிடக்கும். அந்தத் தாளை உற்றுப் பாருங்கள். நம் சுவரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் கிருமி கொல்ல வாங்கிய யூவி (புற ஊதா) விளக்கு வீட்டில் கிடந்தால் அதை இதற்குத் தொடவே தொடாதீர்கள். அது 254 நானோமீட்டர். கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

சுவர்

வெள்ளை என்றாலே நல்ல பின்னணி என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல வெள்ளைப் பொருள்களில் வெண்மையைக் கூட்டிக் காட்ட ஒளிரும் ரசாயனம் கலந்திருக்கிறது. வேட்டி வெளுக்க டினோபால் போட்டார்களே, அந்த வகை. சலவைப் பவுடரில் உண்டு, ஜெராக்ஸ் தாளில் உண்டு, சில பெயிண்டுகளிலும் உண்டு. புற ஊதா பட்டதும் இவை நீலமாக எரியும். நீலமாக எரிகிற சுவரில் நீல மீன் எப்படித் தெரியும்? அதனால் எமல்ஷன் வாங்குமுன் சின்ன டப்பா ஒன்று வாங்கி, பழுப்பு அட்டையில் பூசிக் காயவைத்து, இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். அட்டை மந்தமாக, சாம்பல் ஊதாவாகக் கிடந்தால் நல்ல பெயிண்ட்.

ஏற்கெனவே நீலமாக எரியும் சுவர் அமைந்துவிட்டால் ஒரு மாற்று வழி உண்டு. புற ஊதாவைத் தடுக்கும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் கடையில் கிடைக்கும். அதைக்கொண்டு படம் வரைந்தால் பகலில் தெரியாது. 365 விளக்கில் சுவர் ஒளிர, வரைந்த இடம் மட்டும் கருநிழலாக நிற்கும். இதை வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஒரு வெள்ளைத் தாளில் சன்ஸ்கிரீன் கிரீமை விரலால் தேய்த்து டார்ச் அடியுங்கள். தேய்த்த இடம் கறுத்துப்போகும்.

புதுச் சுவர் என்றால் சிமெண்ட் பூச்சு ஒரு மாதமாவது காய வேண்டும். அதன் காரம் நிறங்களைத் தின்னும். டிஸ்டெம்பர் அடித்த சுவரைக் கையால் தேய்த்தால் மாவு ஒட்டும். அதன்மேல் எதைப் பூசினாலும் நாளடைவில் உரிந்துவரும். சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, பிறகு மேட் எமல்ஷன் இரண்டு கோட். பளபளக்கும் ரகம் வேண்டவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

எந்த நிறம் என்பதுதான் இந்த வேலையின் உயிர். ஃப்ளோரசன்ட் கண்ணுக்குத் தெரியாது, சரி. இருட்டில் ஒளிரும் பொடி அப்படி அல்ல. பகலில் அது வெளிறிய பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும். தூய வெள்ளைச் சுவரில் அதைப் பூசினால் கறை பட்டதுபோல் காட்டிக் கொடுத்துவிடும். எல்லோரும் பொடியின் நிறத்தைச் சுவருக்கு ஏற்ப மாற்றப் பார்க்கிறார்கள். வேறு நிறம் கலந்தால் ஒளி செத்துவிடும். நான் சுவரைப் பொடிக்கு ஏற்ப மாற்றுகிறேன். ஒளிரும் பெயிண்டைக் கலந்து, ஒரு வெள்ளை அட்டையில் மூன்று கோட் பூசிக் காயவைத்து, அந்த அட்டையைப் பெயிண்ட் கடைக்கு எடுத்துப்போய் நிறம் கலக்கும் மெஷினில் அதே கிரீமைக் கலக்கச் சொல்வேன். நாகர்கோவில் சுவரின் நிறம் அப்படி வந்ததுதான். வீட்டுக்காரர்கள் அழகான ஐவரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

என்ன வரைவது

ஒளிரும் பொடிமேல் புற ஊதா அடித்தால் அதுவும் அந்த நேரத்திலேயே எரியும். ஆகவே புற ஊதாவில் இரண்டு பெயிண்டும் சேர்ந்து தெரியும், இருட்டில் ஒன்று மட்டும் மிஞ்சும். இருட்டில் தெரியும் படம் எப்போதும் புற ஊதாப் படத்தின் ஒரு துண்டுதான். தனித்தனியாக இரண்டு படம் வேண்டும் என்று கேட்டால் கொடுக்க முடியாது. முழுப் படத்திலிருந்து எதை மட்டும் மிஞ்சவிடுவது என்று யோசித்தால் இதைவிட அருமையான வித்தை வேறில்லை.

அதனால்தான் ஆழ்கடலைத் தேர்ந்தெடுத்தேன். விளக்கு மீன் என்று ஒரு குடும்பம் உண்டு. விரல் நீள மீன்கள், பெரிய கண், வயிற்றோரம் வரிசையாகச் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள். பகலில் ஆழத்தில் இருந்துவிட்டு இரவில் மேலே ஏறி வரும். சுவரில் அந்த மீன்களின் உடல், துடுப்பு, செதில், சுற்றிலும் சொறிமீன்கள், பவளம் எல்லாமே ஃப்ளோரசன்ட். வயிற்றுப் புள்ளிகளும் சொறிமீனின் விளிம்பும் மட்டும் ஒளிரும் பொடி. புற ஊதா விளக்கில் முழுக்கடல். அதை அணைத்தால் மீன்கள் மறைந்து புள்ளி வரிசைகள் மட்டும் மிதக்கும். உண்மையான ஆழ்கடலிலும் கண்ணுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

பொடி பச்சை, நீலப்பச்சை, நீலம், ஊதா என்று வரும். பச்சைதான் அதிக பிரகாசம். நீலப்பச்சை அதற்கு அடுத்தது. கடல் உயிர்களின் ஒளி பெரும்பாலும் நீலப்பச்சைதான் என்பதால் நான் அதையே போட்டேன். சிவப்பு என்று விற்கும் ஒளிர்பொடியில் காசைப் போடாதீர்கள். மங்கல், சீக்கிரம் தீரும், போதாததற்கு இருட்டில் நம் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியவும் தெரியாது.

ஃப்ளோரசன்டில் சிவப்பு நன்றாகவே கிடைக்கும். நிறம் கலக்கும்போது மட்டும் பள்ளியில் படித்ததை மறந்துவிடுங்கள். இங்கே கலப்பது ஒளி. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் வரும், டிவி திரைக்குள் நடக்கும் அதே கணக்கு. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ரோஸ். கறுப்பு வேண்டிய இடத்தில் பூசாமல் விடுவதுதான் கறுப்பு. மீனின் கண்மணி அப்படி விட்ட இடம்தான்.

கலப்பதும் பூசுவதும்

ஒளிர்பொடி வாங்கும்போது தண்ணீர் பெயிண்டுக்கு ஏற்ற பூச்சு போட்ட பொடியா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சில்லாத ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட் தண்ணீர் பட்டால் சிதைந்து ஒளியை இழந்துவிடும். டப்பாவில் கட்டியாகிப்போகும். பொடியின் மணி (துகள்) அளவும் முக்கியம். பெரிய மணி அதிகம் ஒளிரும், ஆனால் சொரசொரப்பாகத் தெரியும். பிரஷ் வேலைக்கு 30 மைக்ரான் அளவு சரியாக இருக்கும்.

நிறமில்லாத மேட் அக்ரிலிக் மீடியம் (பொடியைச் சுவரில் பிடித்துவைக்கும் கலவை) மூன்று பங்கு, பொடி ஒரு பங்கு, எடைக் கணக்கில். பிளாஸ்டிக் கிண்ணம், மரக்குச்சி மட்டுமே. இந்தப் பொடி உலோகத்தைத் தேய்க்கும் அளவு கடினம். ஸ்டீல் கரண்டியால் கலக்கினால் கரண்டி தேய்ந்து பெயிண்ட் சாம்பல் பூக்கும். மிக்ஸியில் போட்டு அரைத்து நைசாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், படிகம் உடைந்தால் ஒளியும் போய்விடும். பதம் தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர இருக்கட்டும். பொடி கனமானது, சீக்கிரம் அடியில் தங்கிவிடும். பிரஷை நனைக்கும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கிளறியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் முதல் மீன் மங்கலாகவும் கடைசி மீன் தீயாகவும் வரும். பொடியைக் கொட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் முதலில் வெள்ளை வைத்துக்கொண்டால் ஒளி சுவருக்குள் போகாமல் நம் பக்கம் திரும்பும். வெளிறிய கிரீம் சுவரே பாதி வேலையைச் செய்துவிடுவதால் சின்னப் புள்ளிகளுக்கு நான் தனியாக வெள்ளை வைக்கவில்லை. நீலச் சுவரிலோ சாம்பல் சுவரிலோ அது இல்லாமல் முடியாது. ஒரே பூச்சில் கனமாக அப்பாமல், காயவிட்டு மூன்று முறை.

ஃப்ளோரசன்ட் பொடிக்கு 100 கிராம் மீடியத்தில் 5 கிராமில் தொடங்குங்கள். போதவில்லை என்றால் ஏற்றலாம். அளவுக்கு மீறினால் காய்ந்த பிறகு வெண்புகை படிந்தாற்போல் பகலில் தெரியும். ஒளிர்பொடி முதலில், அது காய்ந்த பிறகு ஃப்ளோரசன்ட், அதுவும் புள்ளிகளின் மேலே ஏறாமல் சுற்றி. மேலே ஏறினால் புள்ளிகளுக்குப் போக வேண்டிய புற ஊதாவை அது வழியிலேயே பிடித்துக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத பெயிண்டை எப்படிப் பூசுவது? ஊதா விளக்கை ஸ்டாண்டில் வைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி, அறையைப் பாதி இருட்டாக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். விளக்கு உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. யூவி தடுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி, முழுக்கைச் சட்டை இரண்டும் கட்டாயம். படத்தின் கோட்டைப் பென்சிலில் போடாதீர்கள், அழித்தாலும் கிரீம் சுவரில் தடம் நிற்கும். பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட்கள் செய்ததையே நானும் செய்கிறேன். தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் குத்தி, சுவரில் ஒட்டி, சாக்பீஸ் பொடியைத் துணி முடிச்சில் கட்டித் தட்டினால் புள்ளிக்கோடு இறங்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும்.

கை பழக வேண்டுமானால் காசு செலவழிக்கத் தேவையில்லை. சலவைப் பவுடரைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, வெளுக்காத காடாத் துணியில் பிரஷால் வரையுங்கள். டார்ச் அடித்தால் நீலக்கோடாக எழும். குழந்தைகளோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பளபளப்பு

இங்கேதான் பெரும்பாலான மறைஓவியங்கள் பிடிபடுகின்றன. நிறம் முழுக்க மறைந்திருக்கும், ஆனால் பூசிய இடமும் பூசாத இடமும் வெளிச்சத்தைத் திருப்பும் விதம் வேறாக இருக்கும். நம் வீடுகளில் டியூப் லைட்டைச் சுவரின் மேலேயே மாட்டுகிறோம். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு கீழே இறங்கும், அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் மீனின் வடிவம் ஈரத்தடம்போல மினுங்கும். கதவருகே நிற்கிறவருக்குத் தெரியாதது கட்டிலில் படுத்திருக்கிற குழந்தைக்குத் தெரியும்.

ஒவ்வொரு கோட் பூசிய பிறகும் சாதாரண டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடு தெரிந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை நீவுங்கள், அழுத்தாமல். எல்லாம் முடிந்த பிறகு, படம் இருக்கும் இடம் இல்லாத இடம் என்று பார்க்காமல் மூலைக்கு மூலை முழுச் சுவருக்கும் நிறமில்லாத மேட் கோட் ஒன்று ரோலரில் ஓட்டுங்கள். பளபளப்பு ஒன்றாகிவிட்டால் படம் உண்மையிலேயே காணாமல் போகும். அந்த மேட் கோட் டப்பாவில் 'யூவி தடுப்பு' என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். முன்னே கருநிழலுக்குப் பயன்பட்ட அதே வார்னிஷ் இங்கே முழுப் படத்தையும் குருடாக்கிவிடும்.

கூரைக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டால் நட்சத்திரம் வைக்கலாம், சும்மா இறைக்காமல் வானத்தில் உள்ளபடி. மூன்று நட்சத்திரம் நேர்கோட்டில் நிற்கும், ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பு வார் நல்ல தொடக்கம். அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான சிரியஸ், மறுபக்கம் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். வாருக்கு ஒரு பக்கத்தில் சிவந்த திருவாதிரை. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு ஃப்ளோரசன்ட் வளையம் போட்டால் ஊதா விளக்கில் அதன் நிறம் கிடைக்கும். பெரிய நட்சத்திரத்துக்கு 6 மில்லிமீட்டர் புள்ளி, சின்னதுக்கு 2. நிமிர்ந்து பார்க்கும் வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம் வரும். ஊர் மேப்பைப்போல வைத்துவிட்டால் வானமே திரும்பிவிடும்.

காட்டும் விதம்

படுக்குமுன் பத்து நிமிடம் அறையின் வெள்ளை எல்இடி விளக்கு எரிந்தாலே பொடிக்குப் போதும். மஞ்சள் விளக்கு அவ்வளவு ஏற்றாது, சிவப்பு இரவு விளக்கு ஏற்றவே ஏற்றாது. ஊதா விளக்கைச் சுவரில் ஒரு நிமிடம் நகர்த்தினால் இன்னும் பலமாக ஏறும். விளக்கைப் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் கண்ணுக்கு நேரே திருப்பவே கூடாது. அணைத்ததும் வரும் பச்சைப் பிரகாசம் சில நிமிடத்திலேயே பெரிதும் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பெயிண்ட் சரியில்லை என்று நினைக்க வேண்டாம். இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒளி குறையக் குறையக் கண் கூர்மையாகிக்கொண்டே வரும். செல்போன் திரையை ஒருமுறை பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரில் ஃப்ளோரசன்ட் படத்தை வரைய நான் ஒப்புக்கொள்வதில்லை, வெயில் அந்த நிறங்களை வெகு சீக்கிரம் கொன்றுவிடும். ஒளிர்பொடிக்கு வெயிலால் பெரிய சேதமில்லை, ஆனால் ஓதம் ஏறும் சுவர் அதற்கு ஆகாது. மிஞ்சிய பெயிண்டையும் சுவரின் கிரீம் எமல்ஷனில் அரை லிட்டரையும் காற்றுப் புகாமல் மூடி, எந்த மீனுக்கு எந்தக் கலவை என்று டப்பாவின்மேல் எழுதிவிட்டு வருவேன். சிவப்புதான் முதலில் மங்கும். அப்போது அந்தத் துடுப்புகளை மட்டும் ஊதா விளக்கில் ஒருமுறை மேலோட்டிவிட்டு, மேட் கோட்டை மூலைக்கு மூலை திரும்ப அடித்தால் போதும்.